பழைய மாருதி 800-ல் நீலப் புகை வருகிறது, கிளட்சும் வழுக்குகிறது. வீட்டிலேயே எஞ்சின் வேலை பார்க்க முடியுமா?

பார்க்கலாம், ஆனால் புகையை வைத்து மட்டும் எஞ்சினை இறக்கிவிடாதீர்கள். முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் காற்றின் அழுத்தம்) பாருங்கள், குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் அழுத்தம் ஏறுகிறதா என்று தெரியும். ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம், ஏறவில்லையென்றால் பெரும்பாலும் வால்வு பக்கம், அதற்கு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினாலே போதும்.

796 சிசி, மூன்று சிலிண்டர், சின்ன எஞ்சின்தான். அதைத் தூக்கி இறக்கச் செயின் பிளாக்கும் (சங்கிலிக் கப்பி) கூட ஒரு ஆளும் இருந்தால் சரி. போரிங் (சிலிண்டர் உள்சுவரைக் கடைவது), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங் மட்டும் லேத் பட்டறையில்தான். புது பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் கிளட்ச். டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும், கிராங்கின் பின் ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள், சீல் கசிந்தால் புது டிஸ்க்கும் வழுக்கும்.