பெர்லின் ஹௌப்ட்பான்ஹோஃபில் ரயில் மாறப்போகும் தம்பிக்கு

தம்பி, அக்டோபரில் மேற்படிப்புக்கு லைப்சிக் வருவதாகவும், விமானம் மதியம் பெர்லினில் இறங்குவதாகவும், அங்கிருந்து மத்திய நிலையமான ஹௌப்ட்பான்ஹோஃபுக்குப் போய் ஐசிஇ என்ற அதிவேக ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பெரிய பெட்டி. முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் மலிவு. "எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டு எடுக்கட்டும் அக்கா? ஸ்டேஷன் ஐந்து மாடி என்கிறார்களே, தொலைந்துவிடுவேனா?" என்று கேட்கிறீர்கள்.

தொலைய மாட்டீர்கள். டிக்கெட்டைத் தப்பாக எடுத்தால் காசுதான் தொலையும். ஆகவே முதலில் டிக்கெட்.

நீங்கள் பார்த்த மலிவு டிக்கெட்டின் பெயர் சூப்பர் ஷ்பார்பிரைஸ். அதில் குறித்த ஐசிஇயில் மட்டுமே ஏறலாம். அடுத்த ரயிலில் ஏறினால் உங்களிடம் டிக்கெட் இல்லை என்றே கணக்கு. பணமும் திரும்பாது. விமானம் தாமதம், குடிவரவு வரிசை நீளம், பெட்டி வரவில்லை என்ற எந்தக் காரணமும் ரயில்வேயிடம் எடுபடாது. இரண்டு மணி நேரம் விட்டால் போதுமா, மூன்றா என்று கணக்குப் போடுவதே வீண். வந்து இறங்கும் நாளுக்கு மட்டும் ஃப்ளெக்ஸ்பிரைஸ் எடுங்கள். விலை கூடுதல்தான், வயிறு எரியும்; ஆனால் அன்று அந்த வழியில் போகும் எந்த ஐசிஇயிலும் ஏறலாம். லைப்சிக்குக்கு ஏறத்தாழ மணிக்கு ஒரு ரயில் உண்டு, பயணம் ஒன்றேகால் மணி நேரம். உங்கள் விமான நிறுவனம் 'ரெயில் அண்ட் ஃப்ளை' என்ற சேர்க்கை டிக்கெட் தருகிறதா என்றும் கேளுங்கள். கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

அப்படியும் ஷ்பார்பிரைஸ்தான் வேண்டுமென்றால், பெர்லின் நகரத்திலிருந்து எடுக்காமல் விமான நிலையத்திலிருந்தே லைப்சிக் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். விமான நிலைய ரயில் தாமதமாகி உங்கள் ஐசிஇ போய்விட்டால், அது ரயில்வேயின் பொறுப்பு. சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே வேறு ரயிலில் ஏறலாம். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தவருக்கு இந்த உரிமை இல்லை. 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் என்றால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்று ஊரில் சொல்லியனுப்பியிருப்பார்கள். அந்தப் பெருமை பழங்கதை. இந்த எண்களை நினைவில் வையுங்கள், பயன்படும்.

இனி ஸ்டேஷன். விமான நிலையத்தில் எஃப்இஎக்ஸ் என்ற விரைவு ரயிலில் ஏறுங்கள். அதற்கென்று தனிக் கட்டணம் இல்லை. நகரப் போக்குவரத்தின் ஏபிசி மண்டல டிக்கெட் போதும். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, ஏபி டிக்கெட் செல்லாது. தாள் டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் இருக்கும் சிறு பெட்டியில் செருகி முத்திரை குத்தாமல் ஏறாதீர்கள். பெர்லின் ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, நடைமேடை டிக்கெட்டும் கிடையாது. யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்து நிற்பார். முத்திரை இல்லாவிட்டால் 60 யூரோ. ஊருக்குப் புதிது என்ற சமாதானம் அவரிடம் செல்லாது.

எஃப்இஎக்ஸ் ஹௌப்ட்பான்ஹோஃபின் கீழ்த்தளத்தில் வந்து நிற்கும். லைப்சிக் ரயிலும் அதே தளத்திலிருந்துதான் புறப்படும். இந்த நிலையத்தில் இரண்டு ரயில் பாதைகள் சிலுவைபோல ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகின்றன. வடக்கு தெற்காகப் போகும் பாதை தரைக்கு 15 மீட்டர் கீழே, 1 முதல் 8 வரையான நடைமேடைகள். கிழக்கு மேற்காகப் போவது தரைக்கு 10 மீட்டர் மேலே, 11 முதல் 16 வரை. அதில் 15, 16 நகர ரயிலான எஸ்-பானுக்கு. நடுவில் இருப்பவை கடைகளும் வாசல்களும்தான். எண்ணைப் பார்த்தால் தளம் தெரிந்துவிடும். நடைமேடையை மாற்றினாலும் பெரும்பாலும் அதே தளத்தில்தான் மாற்றுவார்கள். பெட்டிகளோடு எஸ்கலேட்டரில் மல்லுக்கட்டாமல் கண்ணாடி லிஃப்டைத் தேடுங்கள்.

இத்தனைக்கும் இந்த நிலையம் 2006 மே மாதம்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மேற்கு பெர்லின்காரர்களுக்கு ஸூ நிலையம், கிழக்கில் ஓஸ்ட்பான்ஹோஃப். உலகக் கோப்பை கால்பந்துக்குள் முடிக்க வேண்டும் என்று மேல்தளக் கண்ணாடிக் கூரையைத் திட்டமிட்டதைவிடக் குட்டையாகக் கட்டி நிறுத்திவிட்டார்கள். 430 மீட்டர் நடைமேடைக்கு 321 மீட்டர் கூரை. மழை நாளில் மேலே கடைசிப் பெட்டிக்குக் காத்திருப்பவர்கள் நனைவதற்கு அதுதான் காரணம். உங்களுக்குக் கீழ்த்தளம், கவலை இல்லை.

நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். எந்தப் பெட்டி எந்த எழுத்தருகே நிற்கும் என்பதை மின்பலகையும் செயலியும் காட்டும். கடைசி நேரத்தில் பெட்டி வரிசை தலைகீழ் என்று அறிவிப்பு வந்தால், நடைமேடை முழுக்க ஒரே ஓட்டமாக இருக்கும். நீங்கள் ஓட வேண்டாம். எந்தக் கதவிலாவது ஏறிவிட்டு உள்ளே நடக்கலாம்.

இருக்கை முன்பதிவு தனிக் கட்டணம், கட்டாயமில்லை. ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட் எதுவும் இங்கே இல்லை. டிக்கெட் இருந்தால் ஏறலாம், இடம் இல்லையென்றால் நிற்கலாம். இருக்கைக்கு மேல் இரண்டு ஊர்ப் பெயர் ஒளிர்ந்தால் அந்த ஊர்களுக்கிடையே அது ஒருவருக்குப் பதிவானது. புறப்பட்டு 15 நிமிடம் வரை அவர் வராவிட்டால் நீங்கள் உட்காரலாம்.

நாடு முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதம் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் போக முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐசிஇயில் செல்லாது. வட்டார ரயிலில் லூதர்ஸ்டாட் விட்டன்பெர்க் போய் அங்கே மாறினால் லைப்சிக் போகலாம், நேரம் இரட்டிப்பாகும். நெடும்பயணம் முடித்து வரும் நாளில் நான் அதைச் சொல்ல மாட்டேன். பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே பயண டிக்கெட் அடங்கியிருக்கும் என்பதால், அதை விசாரிக்காமல் சந்தா கட்டாதீர்கள். கட்டினால், ரத்து செய்ய அந்த மாதம் 10ஆம் தேதிதான் கெடு.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பாட்டுச் சாமான்களை ஹௌப்ட்பான்ஹோஃபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகளுக்கு விலக்கு உண்டு.

கடைசியாக ஒன்று. மூனிச் செல்லும் ஐசிஇ எல்லாமே லைப்சிக் வழியாகப் போவதில்லை, சில ஹாலே வழியாகப் போகின்றன. பலகையில் மூனிச் என்று பார்த்தவுடன் ஏறாமல், கீழே சிறிய எழுத்தில் ஓடும் ஊர்ப் பெயர்களில் லைப்சிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.