வாசகர் கேள்வி–பதில்: டிஸ்க் வால்வு டைமிங்

கேள்வி: பழைய டிஸ்க் வால்வு டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பிரித்து மாட்டினேன். டிஸ்க்கில் இருந்த புள்ளிக்குறி அழிந்துவிட்டது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலைத் துப்புகிறது. டைமிங்கை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கிராங்கோடு சேர்ந்து சுற்றி, கலவை உள்ளே வரும் துளையைத் திறந்து மூடுவதுதான் டிஸ்க். அது தாமதமாக மூடுகிறது என்பதற்கான அறிகுறி இது. இறங்கும் பிஸ்டன் கிராங்க் கேஸுக்குள் வந்த கலவையை வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது.

முதலில் டி.டி.சி.யை, அதாவது பிஸ்டன் மிக உயரத்தில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிஸ்டன் உச்சியில் சில டிகிரிகளுக்கு அசையாததுபோல் நிற்கும்; கண்மதிப்பை நம்பாதீர்கள். கிராங்க் முனையில் டிகிரி சக்கரத்தை மாட்டி, பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப்பர் போடுங்கள். கையால் மெல்லச் சுற்றி, பிஸ்டன் இடிக்கும் அளவை இருபுறமும் குறியுங்கள். ஒருபுறம் 32, மறுபுறம் 38 என்றால் சக்கரத்தை 3 டிகிரி நகர்த்துங்கள். இரண்டும் 35 ஆனால் பூஜ்யம்தான் டி.டி.சி. ஸ்டாப்பரைக் கழற்ற மறக்க வேண்டாம்.

இனி கார்புரேட்டர் பக்க மூடியைக் கழற்றி, டிஸ்க்கைக் கேஸோடு அழுத்திப் பிடித்து, இன்ஜின் ஓடும் திசையில் சுற்றுங்கள். இக்னிஷன் பக்கமிருந்து வலஞ்சுழி என்றால் டிஸ்க் பக்கமிருந்து இடஞ்சுழி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். துளை மயிரிழை திறக்கும் இடத்தையும் முழுதாக மூடும் இடத்தையும் குறியுங்கள்.

உங்கள் மாடலின் கையேடு டி.டி.சி.க்கு 120 டிகிரி முன் திறந்து, 60 டிகிரி பின் மூட வேண்டும் என்கிறது என்று வைத்துக்கொள்வோம், கூட்டினால் 180. நீங்கள் அளந்தது 105, 75 என்றால் கூட்டுத்தொகை அதேதான், ஆகவே டிஸ்க் சரி, மாட்டிய இடம் தவறு. டிஸ்க் மாட்டும் ஹப்பில் 24 பல் இருந்தால் ஒரு பல் 15 டிகிரி. டிஸ்க்கை இன்ஜின் ஓடும் திசையில் ஒரு பல் முன்னே மாற்றுங்கள். கூட்டுத்தொகையே மாறியிருந்தால், யாரோ வெட்டிய டிஸ்க் அல்லது வேறு மாடல் டிஸ்க். வித்தியாசம் அரைப்பல் அளவுதான் என்றால், டிஸ்க் தலைகீழாக மாட்டியிருக்கலாம்.

கேள்வி: வேகம் கூட டிஸ்க்கை வெட்டலாமா?

பதில்: உதிரி டிஸ்க் கையிலிருந்தால் மட்டும். டிஸ்க்கில் துளையைத் திறக்கும் வெட்டின் பின்விளிம்பை அறுத்தால் மூடுவது தாமதமாகும். உச்ச வேகம் கூடும், தாழ்ந்த வேகத்தில் இழுவை போய்விடும். ஒரு தடவைக்கு 2–3 டிகிரி போதும். பிசிறை எண்ணெய்க்கல்லில் தேய்த்து எடுங்கள். இல்லையேல் மூடியில் கோடு விழும்.

கேள்வி: மூடியை மாட்டியபின் ஐட்லிங் தானாக ஏறுகிறதே?

பதில்: ஓ-ரிங் நசுங்கிக் காற்றுக் கசிகிறது. புதிது போட்டு, டிஸ்க்கின் இருபுறமும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் தடவி மாட்டுங்கள். அதுவரை ஓட்டாதீர்கள், கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.