கம்பி ஏற்றிய திறந்த லொறி: முதல் ஓட்டத்துக்குப் போகும் தம்பிக்கு

தம்பி, கொழும்பில் இரும்புக் கம்பி ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுவர வேணும், இதுவரை மூடிய லொறிதான் ஓடியிருக்கிறேன், பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயம் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். மேலால் போடும் பெல்ட் கம்பிக்கட்டைக் கீழ்நோக்கித்தான் அமத்தும், சடுதியாகப் பிறேக் பிடித்தால் நடுவில் இருக்கிற கம்பிகள் உருவிக்கொண்டு நேரே சாரதி இருக்கும் பக்கம் வரும். அதனால் கட்டுகளை, சாரதி இருக்கைக்குப் பின்னால் லொறித் தட்டில் இருக்கிற முன்தடுப்போடு இடைவெளி இல்லாமல் முட்டவைத்து அடுக்கச் சொல்லுங்கள், ஏற்றுகிற ஆட்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். பிறகு சங்கிலியைக் கம்பிக்கட்டைச் சுற்றி ஒரு முழுச்சுற்று எடுத்து இறுக்குங்கள். பெல்ட் கூரான இடத்தில் படுகிறதா, பழைய ரயர்த் துண்டை அடியில் வையுங்கள். அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுப் பாவிக்கவே கூடாது.

வெளிக்கிட்டதும் கம்பி குலுங்கி அமரும், கட்டு தளரும். நிட்டம்புவவில் ஒருக்கா இறங்கிக் கையால் தட்டிப் பாருங்கள், தொய்ந்த பெல்ட் ஆடும், இறுகினது அசையாது. பிறகு குருநாகல், வவுனியா, தேத்தண்ணிக்கு நிற்கிற இடமெல்லாம் பாருங்கள். பின்னுக்கு நீட்டிய கம்பிக்குப் பகலில் சிவப்புத் துணி, இரவில் சிவப்பு லைற். வவுனியா தாண்டினால் ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும், மெதுவாக வாங்கோ.

முதல் ஓட்டத்துக்குப் பழைய சாரதி ஒருவரைக் கூட அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். மறுத்தால் ஏற்றும்போதாவது ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.