சொன்னால் என்ன நடக்கும்?

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்குப் பதினைந்து வயது. எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். நண்பர்களோடு ஒருமுறை புகைபிடித்ததாகச் சென்ற ஆண்டு அவனே வந்து சொன்னான். ஒரு வாரம் நான் அவனிடம் பேசவில்லை. அவனுக்குத் தெரியாமல் கைபேசியைப் பார்க்கலாமா? நண்பர்களை மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நண்பர்கள் சட்டையல்ல, நீங்கள் மாற்றிவிடுவதற்கு, அதை விடுங்கள். 'அவனே வந்து சொன்னான்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. தானாக வந்து சொன்ன பிள்ளைக்கு ஏழு நாள் மௌனத்தைக் கூலியாகக் கொடுத்துவிட்டு, இன்று அவன் வாய் திறப்பதில்லை என்று என்னிடம் முறையிடுகிறீர்கள்.

பெற்றோர் கண்காணித்தால் பிள்ளைகள் தடம் மாறுவது குறையும் என்றே ஆய்வாளர்களும் நெடுநாள் நம்பினார்கள். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து, ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000இல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது. பெற்றோருக்குத் தெரிந்திருந்தவற்றில் பெரும்பகுதி துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ கிடைத்ததல்ல, பிள்ளைகள் தாமாகச் சொன்னது. தவறில்லாத பிள்ளைக்குச் சொல்வது எளிது என்பதும் உண்மைதான். ஆனாலும், சொன்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடாத பிள்ளை இல்லை.

அதே வயதில் நான் தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிவிட்டு, இரவில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஒரு கணம் நின்று, மீண்டும் திருகத் தொடங்கின. முழுச் சுற்றும் முடிந்தபின்தான் திரும்பி, "நாளைக்கு வாத்தியாரிடம் நீயே சொல்வாயா, நானும் வரட்டுமா?" என்று கேட்டார். மறுநாள் எனக்குத் தண்டனை கிடைத்தது; அப்பா அதைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதைவிட மோசமானவற்றையும் நான் முதலில் அவரிடம்தான் கொண்டுபோனேன். கண்டிப்பை நான் குறை சொல்லவில்லை, அம்மா. பேச்சை அறுப்பதைக் கண்டிப்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

கைபேசியைப் பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவன் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சக் காரணம் இருந்தால், அவனுக்குத் தெரியவே பாருங்கள், மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். இல்லையென்றால், இன்றிரவு கதவைத் தட்டி, அந்த ஒரு வாரம் பேசாமலிருந்தது உங்கள் தவறு என்று சொல்லுங்கள். சிகரெட்டைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். அவன் "ஒன்றுமில்லை" என்றால் திரும்பி வந்துவிடுங்கள், நாளையும் தட்டலாம்.