பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் அச்சில் சீலை மாற்றியும் ஆயில் கசிவது ஏன்?

பின் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்கள் ஆயிலில் நனைந்தபடி ஓடும் இரும்புக் கூடுதான் பின் அச்சு. ஆயில் வெளியேறாமல் முனைகளில் தடுப்பவை ரப்பர் சீல்கள்.

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் போன்றவற்றில் புது சீலும் கசிந்தால், அச்சுக் குழாயின் மேலிருக்கும் சிறிய காற்றுத்துளையைப் பாருங்கள். ஏனோ மெக்கானிக்குகள் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்! மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போது ஆயில் சூடாகி, உள்ளிருக்கும் காற்று விரிவடைகிறது. புழுதி அடைத்த துளை, ஆவி போக வழியில்லாத குக்கர் மாதிரி. அழுத்தம் சீலின் உதட்டைத் தாண்டி ஆயிலைத் தள்ளிவிடும். மெல்லிய கம்பியால் அடைப்பை எடுத்துவிடலாம். சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அது வேறு கதை; துளையைச் சுத்தம் செய்தாலும் அந்தப் பள்ளம் வழியே கசியும். சக்கர டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ, கசிந்த ஆயிலில் ஊறியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

கெட்டியான ஆயிலைத் தாராளமாக ஊற்றினால் கசிவு நிற்கும் என்பது தவறு. நிரப்பும் துளையின் கீழ்விளிம்பைத் தாண்டினால் கசிவு கூடத்தான் செய்யும்.