முதலில் கயிறு, அப்புறம் கேமரா

அண்ணா, வணக்கம்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் நண்பர்கள் ராமநகராவில் பாறை ஏறும்போது கூடவே போய்ப் படம் எடுக்கிறேன். எடுப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. ஏறுபவரின் முதுகும் ஷூவும்தான் தெரிகின்றன. ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த கேமரா வாங்கலாம்? இதையே முழுநேரத் தொழிலாக்க முடியுமா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்,

இப்போதைக்குக் கேமராவை மாற்றாதீர்கள். முதுகும் ஷூவுமே விழுவதற்குக் காரணம் நீங்கள் நிற்கும் இடம்.

பிடி தேடும் விரல்கள், முகம், கீழே கிடக்கும் ஆழம் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால், ஏறுபவருக்கு மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் நீங்கள் தொங்க வேண்டும். அவர் கிளம்புவதற்கு முன்பே சுற்றுவழியில் உச்சிக்குப் போய், குறைந்தது இரண்டு ஆங்கர்களில் (கயிற்றைத் தாங்கும் உறுதியான பிடிமானங்களில்) கயிற்றைக் கட்டி, விளிம்பில் அது தேயாமல் ஏதாவது விரித்து, இறங்கி வந்து காத்திருக்க வேண்டும். அதிகம் நீளாத ஸ்டாட்டிக் கயிறுதான் இதற்கு ஏற்றது. ஏறுபவர்கள் கட்டிக்கொள்ளும் டைனமிக் கயிறு, விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதில் தொங்கிப் படம் எடுத்தால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பீர்கள். கயிற்றின் கீழ்முனையில் முடிச்சு போட ஒருநாளும் மறக்காதீர்கள். முடிச்சில்லாத முனையைத் தாண்டி இறங்கி உயிரை விட்டவர்களில் பெரிய அனுபவசாலிகளும் உண்டு.

நிற்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் கேலன் ரோவெல். கலிபோர்னியாவில் கார் பழுதுபார்க்கும் தொழில் நடத்தியவர். சின்ன வயதிலிருந்தே பாறை ஏறியவர். 1972இல் தொழிலை விற்றுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரரானார். அடுத்த வருடமே டக் ராபின்சன், டென்னிஸ் ஹெனெக் இருவரோடும் அங்கே யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்ற பாறைமலையின் வடமேற்குச் சுவரில் ஏறினார். சுமார் 600 மீட்டர். சுத்தியலால் ஆணி அடித்துப் பாறையைப் புண்ணாக்காமல், இடுக்குகளில் கையால் செருகித் திரும்ப எடுத்துவிடும் சின்ன உலோகத் துண்டுகளான நட்டுகளை நம்பியே ஏறினார்கள். அது 1974 ஜூன் நேஷனல் ஜியாக்ரஃபிக்கில் அட்டைப்படக் கட்டுரையாக வந்தது. ஏறிய மூவரில் ஒருவராக இருந்ததால் கிடைத்த படங்கள் அவை. எவ்வளவு நீளமான லென்ஸ் வைத்திருந்தாலும் தரையில் நின்று அவற்றை எடுத்திருக்க முடியாது.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் என்ற பாறையேறி அதே யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறைச் சுவரில் கயிறே இல்லாமல் ஏறினார். கிட்டத்தட்ட 900 மீட்டர், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. படம் பிடித்த ஜிம்மி சின்னும் அவருடைய குழுவினரும் தேர்ந்த பாறையேறிகள். ஆனாலும் மிகக் கடினமான பகுதியில் ஆள் யாரும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, கேமராவை மட்டும் வைத்துத் தூரத்திலிருந்து இயக்கினார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தாலே ஏறுபவரின் மனம் ஒரு நொடி சிதறலாம். அங்கே சிதறினால் உயிர் போய்விடும். எங்கே நாம் இருக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதைத்தான் இந்தத் தொழிலின் உச்சமாக நினைக்கிறேன்.

பாதாமியின் செம்மணற்கல் சுவர் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது என் லென்ஸ் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) கழன்று விழுந்தது. கீழே கயிறு பிடித்து நின்ற நண்பரிடமிருந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு பொருளையும் நாடாவால் ஹார்னஸோடு (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையோடு) கட்டிவிடுகிறேன், தொங்கும்போது லென்ஸ் மாற்றுவதும் இல்லை.

சரி, வருமானம். நான் ஆறு வருடம் கல்யாணப் படம் எடுத்துத்தான் இதில் நின்றேன். வேலையை இப்போது விடாதீர்கள்.

சேர்த்த பணத்தில் ஸ்டாட்டிக் கயிறு, ஹெல்மெட், நல்ல ஹார்னஸ், கயிற்றைப் பற்றி மேலே ஏற உதவும் ஜூமார் ஒரு ஜோடி வாங்குங்கள். மீதியை முறையான பயிற்சிக்கு வையுங்கள். டிசம்பரில் நான் பாதாமியில் இருப்பேன், வருவதென்றால் எழுதுங்கள். முதல் இரண்டு நாளும் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்