ஸ்பீக்கர் ஒயர் முதல் டர்ன்டேபிள் வரை: கேபிள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் தூரம் இருக்கிறது. மீட்டர் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள கேபிள் போட்டால்தான் ஒலி திறக்கும் என்கிறார் கடைக்காரர். சாதாரணச் செம்பு ஒயர் போதாதா?

பதில்: தாராளமாகப் போதும், தடிமன் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் கேபிளில் காதுக்கு எட்டக்கூடிய விளைவைத் தருவது பெரும்பாலும் அதன் மின்தடைதான். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 5 மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பும்போது மொத்தத் தடை ஏறத்தாழ 0.115 ஓம். உங்கள் ஸ்பீக்கரின் பின்புறம் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும், அது எல்லா அதிர்வெண்களிலும் 8 ஓமாகவே இருப்பதில்லை, ஓரிடத்தில் 6.4 ஓமுக்கு இறங்கி, இன்னோரிடத்தில் 30 ஓமுக்கு ஏறக்கூடும். தடை குறைந்த இடத்தில் கேபிள் சற்று அதிகமாகவும், கூடிய இடத்தில் குறைவாகவும் மின்னழுத்தத்தை விழுங்குவதால், ஒலியின் சமநிலை மாறுகிறது. இங்கே அந்த மாற்றம் சுமார் 0.12 டெசிபெல், இசை கேட்கும்போது இதை உணர முடியாது. ஆனால் 0.5 சதுர மி.மீ. ஒயரை 10 மீட்டர் இழுத்து, 3.2 முதல் 20 ஓம் வரை மாறும் ஒரு 4 ஓம் ஸ்பீக்கரில் பூட்டினால் வேறுபாடு 1.4 டெசிபெல்லைத் தொடும். அது நன்றாகவே கேட்கும்.

1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ், கேட்பவருக்கு எந்த ஒயர் என்று தெரியாமல் சோதித்துப் பார்த்தபோது, 16 கேஜ் (சுமார் 1.3 சதுர மி.மீ.) விளக்கு ஒயரையும் விலையுயர்ந்த கேபிளையும் இசையை வைத்துப் பிரித்தறிய முடியவில்லை. 2.5 சதுர மி.மீ. ஒயர் வாங்குங்கள், மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கோ அறைக்கோ போகட்டும். முனைகளில் செம்பு கறுத்திருந்தால் வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்குங்கள். இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு, கருப்பு முனைகள் ஒரே மாதிரி இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் பேஸ் மெலிந்துவிடும். எந்த விலையுயர்ந்த கேபிளும் அதைச் சரிசெய்யாது.

கேள்வி: வெள்ளிக் கம்பி செம்பைவிடத் தெளிவாக ஒலிக்குமா? கேபிள் மேல் அம்புக்குறி போட்டிருப்பது எதற்கு?

பதில்: வெள்ளியின் மின்தடை செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் குறைவு. செம்புக் கம்பியைக் கொஞ்சம் தடிமனாக எடுத்தாலே அதே பயன் கிடைத்துவிடும். ஒலிச் சமிக்ஞை மாறுதிசை மின்னோட்டம் என்பதால் கம்பிக்குத் திசை கிடையாது. இரு முனைகளில் ஒன்றில் மட்டும் ஷீல்டை (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இணைத்த இணைப்புக் கேபிள்களில் மட்டுமே அம்புக்குறிக்குப் பொருளுண்டு.

கேள்வி: டர்ன்டேபிளின் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) ஒயரை மாற்றி நீளமான கேபிள் போட்டேன். அதன்பின் உயர்ந்த ஒலிகள் கூர்மையாகிவிட்டன. இது மனப்பிரமையா?

பதில்: உங்கள் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்), ஊசியோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையாக இருந்தால், பிரமை இல்லை. ஆடியோவில் கேபிள் உண்மையாகவே ஒலியின் நிறத்தை மாற்றும் முக்கியமான இடம் இதுதான். இதைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசாதது வருத்தமளிக்கிறது. இவ்வகைக் கார்ட்ரிட்ஜின் உள்ளே ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட சுருள் உண்டு; அதன் தூண்டம் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு) ஏறத்தாழ 0.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) ஒயர், வெளிக் கேபிள், ஃபோனோ உள்ளீடு (ஆம்ப்ளிஃபையரில் டர்ன்டேபிளை இணைக்கும் இடம்) ஆகிய மூன்றின் மின்தேக்குத்திறனும் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, பிக்கோஃபாரட்டில் சொல்வார்கள்) கூடி அந்தச் சுருளோடு ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகிறது. மொத்தம் 200 பிக்கோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 16 கிலோஹெர்ட்ஸ் அருகே விழும். 400 பிக்கோஃபாரட் ஆனால் அது 11 கிலோஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். அங்கே ஒலி மேடாக எழும்பி, அதற்கு மேலே விரைவாகச் சரியும். ஜால்ராவும் வயலினின் உரசலும் கூர்மையாகக் கேட்பது இதனால்தான்.

கார்ட்ரிட்ஜின் விவரக் குறிப்பில் எத்தனை பிக்கோஃபாரட் வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். மல்டிமீட்டரில் மின்தேக்குத்திறன் அளக்கும் வசதி இருந்தால், புதிய கேபிளைத் தனியே கழற்றி அளந்துபாருங்கள். பழைய ஒயருக்கே திரும்புவது நல்லது. அது கைவசம் இல்லையென்றால், ஃபோனோ உள்ளீடு உள்ள பெட்டியை டர்ன்டேபிள் அருகே நகர்த்தி 1 மீட்டருக்குள் முடித்துவிடுங்கள். மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சுருள் மிகச் சிறியது. அங்கே கவலைப்பட வேண்டியது இரைச்சலையும் ஷீல்டையும் பற்றித்தான்.

கேள்வி: டிடிஎச் பெட்டியை ஆம்ப்ளிஃபையரில் இணைத்ததும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வருகிறது. எர்த் பின்னை நீக்கினால் நின்றுவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உலோகப் பெட்டிக்குள் மின்கசிவு ஏற்படும் நாளில் உயிரைக் காப்பது அந்த எர்த்தான். கருவிகள் வெவ்வேறு வழிகளில் தரையோடு இணைந்து ஒரு வளையம் உருவாகும்போது, 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியே ஓடுகிறது. முதலில் டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுவே. அந்த ஒயர் வழியாகவே டிஷ்ஷின் எல்என்பிக்கு (சமிக்ஞையை வாங்கும் பாகம்) மின்சாரம் போவதால், சாதாரண ஆன்டெனா ஐசொலேட்டரை (மின் தொடர்பைத் துண்டிக்கும் சாதனம்) அதில் பொருத்தினால் படம் வராது. பெட்டியில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒளி வழியே போவதால் மின் தொடர்பு அறுந்துவிடும். இல்லையென்றால் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

கேள்வி: விலையுயர்ந்த யுஎஸ்பி கேபிள் போட்டால் குரல் இனிமையாகுமா?

பதில்: ஆகாது. கேபிள் பழுதானால் 'டிக்' சத்தமோ இடைவெளியோ வரும். குரலின் குணம் மாறாது. டிஜிட்டல் தரவை ஒலிச் சமிக்ஞையாக்கும் இன்றைய டாக் (DAC) கருவிகளில் பெரும்பாலானவை தம் சொந்தக் கடிகாரத்தின்படியே தரவைக் கேட்டு வாங்குகின்றன. 5 மீட்டருக்குள் இருக்கும் தரமான கேபிள் போதும்.

கேள்வி: அப்படியானால் ஆம்ப்ளிஃபையர் நிறுவனங்களே குறிப்பிட்ட கேபிளைச் சொல்வது வெறும் வியாபாரமா?

பதில்: எல்லா நேரமும் அல்ல. பிரிட்டனின் நெய்ம் நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றுக்கு ஸ்பீக்கர் கேபிள் குறைந்தது 3.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று சொல்லிவந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை நிலையாக வைத்திருக்க மற்றவர்கள் வெளியீட்டில் வைக்கும் சிறு சுருளை அவர்கள் தவிர்த்துவிட்டு, கேபிளின் தூண்டத்தையே அந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். அத்தகைய கருவியில், பின்னிய நாடா போன்ற அதிக மின்தேக்குத்திறன் கொண்ட கேபிளைப் போட்டால், ஆம்ப்ளிஃபையர் நிலைகுலைந்து சூடாகக்கூடும். உங்களுடையது அவ்வகையா என்று அறியக் கையேட்டைப் படித்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள்.